பிரான்சிஸ்கோ மொரேனோ

பிரான்சிஸ்கோ பாஸ்காசியோ மொரேனோ (மே 31, 1852 – நவம்பர் 22, 1919) ஆர்ஜென்டினா நாட்டைச் சேர்ந்த நிலவியல் ஆய்வாளரும் மானிடவியலாளரும் ஆவார். லா பிளாட்டா அருங்காட்சியகத்தை நிறுவியவர் இவரே. தென் அமெரிக்காவின் தென்பகுதியான பாட்டகோனியாவை இளம் வயதிலேயே சுற்றி ஆராய்ந்தவர். ஆர்ஜென்டினாவுக்கும் சிலிக்கும் இடையே போர் மூளும் நிலையில் இருந்த ஆண்டஸ் மலை எல்லைத் தகராற்றில் தம் நாட்டின் வல்லுநராகப் பணியாற்றினார். வல்லுநர் என்பதற்கான எசுப்பானியச் சொல் பெரிட்டோ. அதனாலேயே இவர் பெரிட்டோ மொரேனோ என்று அழைக்கப்படுகிறார். உலகப் புகழ் பெற்ற பெரிட்டோ மொரேனோ பனியாறு இவர் பெயரைத் தாங்கியது. அப்பனியாற்றை இவர் தம் வாழ்நாளில் நேரில் கண்டதில்லை என்பர்.

ஆர்ஜென்டினாவின் பாடநூல்களில் இவர் நாட்டுக்கு நிலமும் அமைதியும் தேடித்தந்த பெருமகனாக இடம்பெறுகிறார். பாட்டகோனியாவின் பழங்குடிகளான மப்புச்சே, தெவெல்ச்சே மக்களிடையே இவரது பெயர் வேறு விதமாக நினைக்கப்படுகிறது. தமக்கு உணவும் வழியும் தந்த மக்களின் மண்டையோடுகளை இவர் சேகரித்தார். தமக்கு விருந்தளித்த தலைவர் ஒருவர் இவரது அருங்காட்சியகத்திலேயே இறந்து, அங்கேயே காட்சிப்பொருளும் ஆனார்.

இளமை

மொரேனோ புவெனஸ் அயர்ஸ் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். தாயார் ஜுவானா துவைட்ஸ் ஆங்கிலேய வழியினர். தந்தை சர்வாதிகாரி ரோசாசின் ஆட்சிக்காலத்தில் அண்டை நாடான உருகுவேயில் தஞ்சம் புகுந்திருந்து, அவ்வாட்சி வீழ்ந்த பின் திரும்பியவர். சிறுவனாக இருந்தபோதே மொரேனோ தம் உடன்பிறந்தாருடன் கற்களையும் எலும்புப் புதைபடிவங்களையும் தேடிச் சேர்க்கத் தொடங்கினார். தந்தையார் அவற்றை வைக்க வீட்டிலேயே இடம் ஒதுக்கிக் கொடுத்தார். நகரப் பொது அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த செருமானிய அறிஞர் பர்மைஸ்டர் இச்சிறுவனை ஊக்குவித்தார். முறையான பல்கலைக்கழகக் கல்வி ஏதும் மொரேனோ பெறவில்லை. 1872 இல் ஆர்ஜென்டினா அறிவியல் கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவராக இருந்தபோது இவருக்கு வயது இருபது.

அக்காலத்தில் ஐரோப்பிய மானிடவியல் மண்டையோட்டு அளவீடுகளையே பெரிதும் நம்பியிருந்தது. பாரிசில் பால் புரோக்கா இதில் பெயர்பெற்றிருந்தார். ரியோ நெக்ரோ ஆற்றங்கரையின் பழைய இடுகாடுகளில் தாம் தோண்டி எடுத்தவற்றைப் பற்றிய மொரேனோவின் கட்டுரை 1874 இல் புரோக்காவின் ஆய்விதழில் வெளியானது. இருபத்திரண்டு வயது இளைஞருக்கு அது பெரிய ஏற்பு. அதன்பின் அவரது பயணங்கள் ஒவ்வொன்றிலும் மண்டையோடு சேகரிப்பு ஒரு நோக்கமாகவே இருந்தது.

யாருடைய நிலம்?

மொரேனோவின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அன்றைய பாட்டகோனியாவின் நிலையை அறிவது வேண்டும். ஆர்ஜென்டினா, சிலி ஆகிய இரு நாடுகளும் எசுப்பானியப் பேரரசிலிருந்து பிரிந்தவை. பாட்டகோனியா முழுவதும் தமக்கே உரியது என்று இரண்டுமே வரைபடம் வரைந்தன. ஆனால் 1870கள் வரை அங்கு உண்மையில் ஆட்சி செலுத்தியவர்கள் பழங்குடித் தலைவர்களே. மப்புச்சே மக்கள் ஆண்டசின் இருபுறமும் வாழ்ந்தனர். மலைக் கணவாய்கள் அவர்களுக்கு எல்லைகளாக இருக்கவில்லை. கால்நடைகளும் துணிகளும் உப்பும் மணமக்களும் சென்றுவந்த பாதைகளாகவே அவை இருந்தன.

இரு நாடுகளின் போட்டியைத் தலைவர்கள் நன்கு அறிந்திருந்தனர். தெவெல்ச்சே தலைவர் காசிமிரோ பிகுவா முதலில் சிலி அரசிடமிருந்து படைப் பதவியும் சலுகைகளும் பெற்றார், பின்னர் 1860களில் ஆர்ஜென்டினாவிடமிருந்து அவற்றைப் பெற்றார். மன்சானாஸ் நாடு, அதாவது ஆப்பிள் நாடு, எனப்பட்ட மலையடிவாரப் பகுதியின் தலைவர் வாலென்டின் சாய்வெக்கே ஆர்ஜென்டினா அரசுடன் உடன்படிக்கை செய்துகொண்டு அதன் கொடியையும் ஏற்றிவந்தார். இரு அரசுகளும் ஒன்றையொன்று முந்த விரும்பிய வரையில் இத்தலைவர்களின் நட்பு அவற்றுக்குத் தேவைப்பட்டது.

நாவெல் வாப்பி ஏரி

1875 இல் மொரேனோ புவெனஸ் அயர்சிலிருந்து புறப்பட்டு, சமவெளியைக் குதிரையில் கடந்து சாய்வெக்கேயின் குடியிருப்பை அடைந்தார். அங்கிருந்து சிலிக்குள் செல்ல அவர் கேட்ட அனுமதியைத் தலைவர் மறுத்துவிட்டார். எனினும் அருகில் உள்ள பெரிய ஏரியைக் காண அனுமதித்தார். 1876 சனவரி 22 அன்று மொரேனோ நாவெல் வாப்பி ஏரியின் கரையில் நின்றார். அட்லாண்டிக் கரையிலிருந்து வந்து அவ்வேரியை அடைந்த முதல் வெள்ளையர் இவரே எனப்படுகிறது. சிலிப் பக்கமிருந்து இயேசு சபைத் துறவிகள் 17ஆம் நூற்றாண்டிலேயே அங்கு வந்து சென்றிருந்தனர். அங்கு வாழ்ந்த மக்களுக்கு அதைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் மொழியில் அப்பெயருக்கு ஜாகுவார்த் தீவு என்பது பொருள்.

அடுத்த பயணம் தெற்கே சாந்தா குரூஸ் ஆற்றின் வழியே அமைந்தது. டார்வினும் கப்பல் தலைவர் பிட்ஸ்ராயும் 1834 இல் இதே ஆற்றில் மேலேறி, அதன் மூலத்தை அடையாமல் திரும்பியிருந்தனர். மொரேனோ கார்லோஸ் மொயானோவுடன் சேர்ந்து நீரோட்டத்துக்கு எதிராகப் படகை இழுத்துச் சென்று மூல ஏரியை அடைந்தார். 1877 பெப்ரவரி 15 அன்று அதற்கு ஆர்ஜென்டினா ஏரி எனப் பெயரிட்டார். தெவெல்ச்சே மக்கள் சால்தேன் என்று அழைத்துவந்த மலைக்குச் சில நாட்களில் பிட்ஸ்ராய் என்ற பெயரைச் சூட்டினார். எல்லை உரிமை தீர்மானிக்கப்படாத நிலத்தில் பெயரிடுவதும் உரிமை கோருவதன் ஒரு வகையே. அதே பயணத்தில் இவரைப் பூமா ஒன்று தாக்கியது. லா லியோனா என்ற ஆற்றின் பெயர் அந்நிகழ்ச்சியை நினைவூட்டுகிறது.

இப்பயணக் காலத்தைச் சேர்ந்த மற்றொரு செய்தி மொரேனோவே தம் நூலில் பதிவு செய்தது. சாம் சிலிக் என்ற பட்டப்பெயர் கொண்ட தெவெல்ச்சே இளைஞர் ஒருவர், மேலே குறிப்பிட்ட காசிமிரோவின் மகன், இவருடன் நட்பாகப் பழகியவர். தம் தலையை அளக்க அவர் இணங்கவில்லை. பின்னர் அவர் ராசன் ஊரில் கொல்லப்பட்டதை அறிந்த மொரேனோ, இரவில் கல்லறையைத் தோண்டி எலும்புகளை எடுத்துச் சென்றார். அக்கால அறிவியல் இதைக் குற்றமாகக் கருதவில்லை என்று கூறுவோர் உண்டு. ஆனால் அந்த இளைஞரின் மறுப்பு மொரேனோவுக்குத் தெரிந்தே இருந்தது.

சிறையும் தப்பிப்பும்

1879 இல் போர் அமைச்சர் ஜூலியோ ரோக்கா பாலைவனப் படையெடுப்பு எனப்படும் பெரும் போரை நடத்தி பழங்குடிகளின் நிலங்களைக் கைப்பற்றினார். அவ்வாண்டே சிலி, பெரு, பொலிவியா நாடுகளுக்கிடையே பசிபிக் போர் தொடங்கியது. சிலியின் படை வடக்கே முடங்கிக் கிடந்தது ஆர்ஜென்டினாவுக்கு வாய்ப்பாக அமைந்தது. மலைக்கு அப்பால் சிலியும் தன் பங்குக்கு மப்புச்சே நிலத்தைப் படைபலத்தால் கைப்பற்றிக்கொண்டிருந்தது. அப்பணி 1883 அளவில் முடிந்தது. போட்டி நாடுகள் இரண்டும் இந்த ஒரு வேலையில் ஒரே போக்கைக் கொண்டிருந்தன.

இந்தச் சூழ்நிலையில் அரசின் ஆய்வுக் குழுத் தலைவராக மொரேனோ மீண்டும் நாவெல் வாப்பி சென்றார். படையினரால் பிடிக்கப்பட்ட தம் உறவினர்களை மீட்கும் பிணையாளாகச் சாய்வெக்கேயின் மக்கள் 1880 தொடக்கத்தில் இவரைப் பிடித்துவைத்தனர். உளவு பார்க்க வந்தவர் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அது முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்ல முடியாது. இவர் வரைந்த வழிகளைப் படைகள் பயன்படுத்தக்கூடும் என்பதை அம்மக்கள் ஊகித்திருந்தனர். மரண தண்டனை நெருங்கிய நிலையில், பெப்ரவரி 11 இரவில் இரு தோழர்களுடன் தப்பிய மொரேனோ, மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் கொயோன் குரா, லிமாய் ஆறுகளின் வழியே மிதந்து சென்றார். ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து, பசியால் நலிந்து, கால்கள் புண்ணாகி, லிமாய் நெயுகேன் ஆற்றுடன் கூடும் இடத்தில் இருந்த படைக்காவலை அடைந்தார்.

அருங்காட்சியகமும் இனாக்காயலும்

1877 இல் மொரேனோ தம் சேகரிப்பு முழுவதையும் புவெனஸ் அயர்ஸ் மாகாணத்துக்குக் கொடையாக அளித்திருந்தார். 1880களில் மாகாணத்தின் புதிய தலைநகராக லா பிளாட்டா அமைக்கப்பட்டபோது அங்கு பெரிய அருங்காட்சியகம் கட்டப்பட்டது. 1888 இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1906 வரை மொரேனோ அதன் இயக்குநராக இருந்தார்.

இதே காலத்தில் தெற்கே கடைசித் தலைவர்கள் தோற்றுக்கொண்டிருந்தனர். முன்னர் மொரேனோவைத் தம் கூடாரங்களில் வரவேற்றுப் பேணியிருந்த இனாக்காயல், ஃபோயெல் என்னும் தலைவர்கள் 1884 இல் பிடிபட்டனர். சாய்வெக்கே 1885 சனவரி 1 அன்று சரணடைந்தார். இனாக்காயலும் ஃபோயெலும் குடும்பத்தாருடன் தலைநகர் அருகே டிக்ரேயில் சிறைவைக்கப்பட்டனர். செய்தி அறிந்த மொரேனோ அரசிடம் முறையிட்டு, 1886 இல் அவர்களை லா பிளாட்டா அருங்காட்சியகக் கட்டிடத்துக்கு அழைத்துவந்து தங்கவைத்தார்.

இச்செயலை எப்படி மதிப்பிடுவது என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உள்ளது. நட்புக்கடன் தீர்க்கும் செயல் என்று அவரது வரலாற்றை எழுதியோர் பலர் கூறினர். சிறையைவிட அருங்காட்சியகம் மேலானதாக இருந்திருக்கலாம். ஆனால் அங்கு அவர்கள் வேலை வாங்கப்பட்டனர், நிழற்படம் எடுக்கப்பட்டனர், ஆய்வுப் பொருளாக நோக்கப்பட்டனர். ஊருக்குத் திரும்பும் உரிமை அனைவருக்கும் கிடைக்கவில்லை. ஃபோயெல் பின்னர் தெற்கே திரும்பினார். அவருடைய மகள் மார்கரிட்டாவும் இனாக்காயலின் மனைவியும் 1887 இல் அருங்காட்சியகத்திலேயே இறந்தனர். 1888 செப்டம்பர் 24 இனாக்காயல் இறந்த நாளாகப் பதிவாகியுள்ளது. அன்று மாலை அவர் வாயிற்படிகளில் நின்று, தாம் அணிந்திருந்த வெள்ளையர் உடைகளைக் களைந்து, சூரியனையும் தென்திசையையும் நோக்கிக் கையசைத்தார் என்று அருங்காட்சியகப் பணியாளர் கிளெமென்தே ஓனெல்லி பிற்காலத்தில் எழுதினார்.

அவரை அடக்கம் செய்யவில்லை. எலும்புக்கூடு, மூளை, தலைத்தோல் ஆகியன பிரித்தெடுக்கப்பட்டுச் சேகரிப்பில் சேர்க்கப்பட்டன. எலும்புக்கூடு பல ஆண்டுகள் பார்வையாளர்களுக்குக் காட்டப்பட்டது.

நீர் எப்பக்கம் ஓடுகிறது?

1881 இல் ஆர்ஜென்டினாவும் சிலியும் செய்துகொண்ட எல்லை உடன்படிக்கை, நீரைப் பிரிக்கும் மிக உயர்ந்த சிகரங்களின் வழியே எல்லை செல்லும் என்றது. வடக்கே உயர்ந்த சிகரங்களும் நீர்பிரிகோடும் பெரும்பாலும் ஒன்றே. தெற்கே அவை ஒன்றல்ல. அங்கு பழைய பனியாறுகள் மலையைக் குடைந்து, கிழக்குச் சமவெளியின் விளிம்பில் கல்லும் மண்ணும் கொண்ட அணைகளைக் குவித்துவிட்டுச் சென்றன. அதனால் சிகரங்களுக்குக் கிழக்கே உள்ள ஏரிகளின் நீர் மேற்கே திரும்பி, மலைத்தொடரை ஊடறுத்துப் பசிபிக் கடலில் விழுகிறது. உடன்படிக்கையை எழுதியோர் இதை அறிந்திருக்கவில்லை.

நீர்பிரிகோடே எல்லை என்றது சிலி. அதன் வல்லுநர் வரலாற்றாசிரியர் தியேகோ பாரோஸ் அரானா. உயர்ந்த சிகரங்களே எல்லை என்றது ஆர்ஜென்டினா. 1896 இல் அதன் வல்லுநராக மொரேனோ அமர்த்தப்பட்டார். இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட நிலம் ஏறத்தாழ 94,000 சதுர கிலோமீட்டர். இரு நாடுகளும் கடன் வாங்கிப் போர்க்கப்பல்களைக் குவித்தன.

மொரேனோ தம் வாதத்துக்குச் சான்றாகச் செய்த ஒரு செயல் புகழ்பெற்றது. ஃபீனிக்ஸ் என்னும் சிற்றாறு முற்காலத்தில் தெசெயாதோ ஆற்றில் கலந்து அட்லாண்டிக் சென்றது, பின்னர் திசைமாறிப் பசிபிக் பக்கம் வடியும் புவெனஸ் அயர்ஸ் ஏரியில் விழுந்தது. 1898 இல் மொரேனோவின் ஆட்கள் பழைய வழியைச் சில நாட்களில் வெட்டித் திறந்து ஆற்றை மீண்டும் அட்லாண்டிக்குக்குத் திருப்பிவிட்டனர். மண்வெட்டி கொண்டு மாற்றக்கூடிய ஒன்று நாடுகளின் எல்லையாக இருக்க முடியுமா என்பதே அவரது வாதம்.

இப்பணியின் போது குடும்பத்துடன் சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் தங்கியிருந்தார். அங்கே 1897 இல் அவரது மனைவி மரியா அனா வரேலா காலமானார். 1885 இல் மணம் முடித்த அவர்களுக்கு நான்கு பிள்ளைகள்.

1898 இல் தகராறு பிரித்தானிய முடியின் நடுவத்துக்கு விடப்பட்டது. 1899 இல் இரு குடியரசுத் தலைவர்களும் புந்தா அரேனாசில் சந்தித்துக் கைகுலுக்கினர். மொரேனோ லண்டன் சென்று வரைபடங்களும் சான்றுகளும் அடங்கிய பெருந்தொகுதிகளைத் தயாரித்தார். 1902 இல் நடுவர் குழுவின் தாமஸ் ஹோல்டிச் நேரில் பார்வையிட வந்தபோது மொரேனோ உடன் சென்றார். அவ்வாண்டு ஏப்ரல் 30 அன்று வேல்சு நாட்டுக் குடியேறிகள் வாழ்ந்த அக்டோபர் 16 பள்ளத்தாக்கில், கொரிந்தோஸ் ஆற்றருகே ஒரு பள்ளிக்கூடத்தில் மக்கள் கூடினர். அங்குள்ள நீர் பசிபிக் பக்கம் ஓடுவது. ஆயினும் தாங்கள் ஆர்ஜென்டினா ஆட்சியின் கீழ் இருக்கவே விரும்புவதாக அவர்கள் தெரிவித்தனர். அப்பள்ளத்தாக்கு ஆர்ஜென்டினாவுக்கே கிடைத்தது.

1902 நவம்பர் 20 அன்று மன்னர் ஏழாம் எட்வர்டின் தீர்ப்பு வெளியானது. இரு வாதங்களையும் முழுமையாக ஏற்காமல் நடுவே ஒரு கோடு வரையப்பட்டது. சிலிக்கு ஏறத்தாழ 54,000, ஆர்ஜென்டினாவுக்கு ஏறத்தாழ 40,000 சதுர கிலோமீட்டர் கிடைத்தன. பெரிய ஏரிகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. இதனால் அவற்றுக்கு இன்று இரு பெயர்கள் உள்ளன. கிழக்கே புவெனஸ் அயர்ஸ் ஏரி எனப்படுவது மேற்கே செனரல் கரேரா ஏரி ஆகிறது. அவ்வாண்டு மே மாதம் இரு நாடுகளும் கடற்படைக் குறைப்புக்கும் இணங்கின. கட்டப்பட்டுக்கொண்டிருந்த கப்பல்களுள் ஆர்ஜென்டினாவின் இரண்டு சப்பானுக்கும், சிலியின் இரண்டு பிரித்தானியாவுக்கும் விற்கப்பட்டன. 1904 இல் மலையெல்லையில் இயேசுவின் பெரிய சிலை அமைதிச் சின்னமாக நிறுவப்பட்டது.

போரைத் தவிர்த்த இத்தீர்ப்பு உண்மையில் பெரிய சாதனை. அதே வேளை, நடுவர் முன்னிலையில் கட்சிக்காரர்கள் இருவரே. மலையின் இருபுறமும் வாழ்ந்த மப்புச்சே, தெவெல்ச்சே மக்கள் அவ்வழக்கில் ஒரு தரப்பாகக் கருதப்படவில்லை. எல்லை அமைந்தபின் உறவினர்கள் இரு நாட்டவர் ஆயினர். மப்புச்சே மக்கள் சிலியிலிருந்து வந்த அயலார், எனவே அவர்களுக்கு நில உரிமை இல்லை என்ற வாதம் ஆர்ஜென்டினாவில் இன்றும் எழுப்பப்படுகிறது. கணவாய்களில் எல்லைக்கல் நடப்படுவதற்கு முந்திய காலத்துக்கு அவ்வாதம் எப்படிப் பொருந்தும் என்பது விளங்கவில்லை. எசுகேல் நகருக்கு அருகே 1908 இல் ஒதுக்கப்பட்ட நிலத்திலிருந்து நாவெல்பான் சமூகத்தினர் 1937 இல் வீடுகளை இழந்து வெளியேற்றப்பட்டனர்.

நிலக் கொடை

1903 இல் நாடாளுமன்றம் மொரேனோவின் பணிகளுக்காகத் தெற்கே 25 சதுர லீக் அரச நிலத்தை அவருக்கு வழங்கியது. அவ்வாண்டு நவம்பர் 6 அன்று அதில் 3 சதுர லீக், அதாவது ஏறத்தாழ 7,500 எக்டேர், நிலத்தை நாவெல் வாப்பி ஏரியின் மேற்குக் கோடியில் இயற்கைப் பூங்காவாகப் பேணும் நிபந்தனையுடன் அவர் நாட்டுக்கே திருப்பியளித்தார். அதுவே 1934 இல் நாவெல் வாப்பி தேசியப் பூங்காவாக விரிந்தது. ஆர்ஜென்டினாவில் நவம்பர் 6 தேசியப் பூங்கா நாளாகும். ஒரு காலத்தில் அந்நிலப்பரப்பின் தலைவராக இருந்த சாய்வெக்கே அதே 1903 இல், கொடை அளிக்கப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பு, தொலைவில் சுபுத் பகுதியில் காலமானார்.

மொரேனோவைப் பேராசைக்காரர் என்று எவரும் குற்றம் சாட்ட முடியாது. வெற்றிகொண்ட நிலங்கள் சிலரது கைகளில் பெரும் பண்ணைகளாகக் குவிவதை அவர் தம் 1897 ஆம் ஆண்டு அறிக்கையில் கண்டித்திருந்தார். எஞ்சிய நிலத்தை விற்றுப் புவெனஸ் அயர்சின் ஏழைக் குடியிருப்புகளில் சிறுவர்களுக்குப் பள்ளிகளும் உணவுக் கூடங்களும் நடத்தினார். 1910 முதல் 1913 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1912 இல் ஆர்ஜென்டினா சாரணர் இயக்கத்தைத் தொடங்கினார். லண்டன் அரச புவியியல் கழகம் 1907 இல் அவருக்குப் பதக்கம் வழங்கியது.

இறுதி நாட்களில் கையில் பணமின்றி இருந்தார். 1919 நவம்பர் 22 அன்று புவெனஸ் அயர்சில் காலமானார். 1944 இல் அவரது உடல் நாவெல் வாப்பி ஏரியில் உள்ள சென்டினேலா தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அவ்வழியே செல்லும் படகுகள் மும்முறை ஊதல் ஒலித்து வணக்கம் செலுத்துவது வழக்கம்.

பிற்காலம்

1902 தீர்ப்பில் தெளிவில்லாமல் விடப்பட்ட சில இடங்களில் தகராறு தொடர்ந்தது. பாலேனா பகுதி குறித்து 1966 இல் மீண்டும் பிரித்தானிய முடியின் தீர்ப்பு பெறப்பட்டது. லகூனா தெல் தெசியெர்தோ பகுதி 1994 இல் இலத்தீன் அமெரிக்க நடுவர் மன்றத்தால் ஆர்ஜென்டினாவுக்கு வழங்கப்பட்டது.

அதே 1994 இல் ஆர்ஜென்டினாவின் அரசியலமைப்பு திருத்தப்பட்டு, பழங்குடிகள் நாட்டின் தோற்றத்துக்கு முந்தியவர்கள் என்பது ஏற்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில், 1991 இல் இயற்றப்பட்ட தனிச் சட்டத்தின்படி, இனாக்காயலின் எலும்புகள் லா பிளாட்டாவிலிருந்து சுபுத் மாகாணத்தின் தெக்கா ஊருக்கு எடுத்துச் செல்லப்பட்டன. உடல் முழுவதும் திரும்பிவிட்டது என்றே உறவினர்கள் எண்ணினர். 2006 இல் அருங்காட்சியகம் அமெரிக்கப் பழங்குடிகளின் எச்சங்களைக் காட்சியிலிருந்து அகற்றியது. அவ்வாண்டு முதல் லா பிளாட்டா பல்கலைக்கழக மாணவர் குழு ஒன்று கிடங்கில் உள்ளவற்றை அடையாளம் காணும் பணியில் ஈடுபட்டது. இனாக்காயலின் மூளையும் தலைத்தோலும் இன்னும் அங்கேயே இருப்பது அப்போது தெரியவந்தது. அவை 2014 டிசம்பரில் தெக்காவில் உள்ள அவரது சமாதிக்குச் சென்று சேர்ந்தன.